பிரெஞ்சுப் படத்து மகளுக்குச் சீர் எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரி போனது

எங்கள் ஏரி இரண்டு பருவம் விடாமல் நிரம்பி வழிந்து கோடி போனது, ஆர்.கே.பேட்டை சாலையில் பெரிய புளியமரம் சாய்ந்து இரண்டு நாள் பஸ் வராமல் கிடந்தது, என் மகன் கரும்பை விட்டுவிட்டு முதல் தடவையாக வேர்க்கடலை போட்டது. இந்த மூன்றும் நடந்த வருஷத்து மாசி மாதத்தில் நாங்கள் பாண்டிச்சேரிக்குப் போனோம். எனக்கு வருஷம் எண்ணில் நிற்காது, நடந்ததை வைத்துத்தான் நிற்கும். உங்களுக்குப் போன வருஷம் என்று சொன்னால் போதும்.

போனது நானும் என் வீட்டுக்காரியும். போன காரணம், ஒரு பிரெஞ்சு சினிமா பார்க்க. சிரிக்க வேண்டாம், உண்மைதான். எனக்கு எழுதப் படிக்க வராது. கோயில் குளம் போய்வந்ததை இன்டர்நெட்டில் எழுதுகிற இந்தப் பக்கம் என் மருமகளுடையது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். நடுவில் அவளாக எதையாவது சேர்த்தால் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லி எடுத்துவிடுகிறேன்.

அந்தப் படத்துக்கும் எங்களுக்கும் என்ன உறவு என்பதைச் சொல்லாமல் பயணத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

ஊரடங்குக்கு முந்தின வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் பேர் படம் எடுக்கத் திருத்தணிக்கு வந்தார்கள். மலைமேல் கோயிலுக்குள் கேமரா கூடாது என்பதால், அடிவாரத்தில் சரவணப் பொய்கைக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்தார்கள். கதையை எங்களுக்குச் சொன்னவன் பாபு. சென்னைப் பையன், அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன். பாரிஸில் ஒரு பெண். கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையோடு சண்டை போட்டுக்கொண்டு இந்தியாவுக்கு வந்துவிடுகிறாள். திருப்பதி போகிற பஸ்ஸில் ஏறி, தூக்கக் கலக்கத்தில் திருத்தணியில் இறங்கிவிடுகிறாள். இங்கே ஒரு தறிக்காரர் வீட்டுப் பையனோடு பழக்கம், அது காதல், கடைசியில் கல்யாணம். முழுக்கச் சிரிப்புப் படம் என்றான்.

பெண்ணுக்கு இந்த ஊரில் அப்பா அம்மா இல்லையே, அதனால் அவளை மகளாக ஏற்றுக்கொண்டு தாரை வார்த்துக் கொடுக்க ஒரு வயதான ஜோடி வேண்டும் என்று தேடினார்கள். என் வீட்டுக்காரியின் அண்ணன், எனக்குப் பாவா, முனுசாமி என்று பெயர். அவர் எங்களைக் கைகாட்டிவிட்டார். அவருக்கும் மாப்பிள்ளைக்குக் குடை பிடிக்கிற வேலை கிடைத்தது. ஆரத்தி எடுக்கப் பக்கத்து வீட்டுச் சரோஜம்மா. நாயனம் கோதண்டம். மந்திரம் சொல்ல நிஜமாகவே கல்யாணம் செய்துவைக்கிற வயதான ஐயர் ஒருவர். எங்கள் பக்கத்து ஆட்கள் அவ்வளவுதான். மணப்பெண்ணாக வந்தவள் பெயர் சோலேன். எங்கள் வாயில் சோலை ஆகிவிட்டது, அவளும் அதற்கே திரும்பிப் பார்த்தாள்.

பெண்ணின் கையை மாப்பிள்ளை கைமேல் வைத்து, நான் பிடித்துக்கொள்ள, வீட்டுக்காரி செம்பிலிருந்து தண்ணீர் வார்க்க வேண்டும். வார்த்தாள். வார்க்கும்போது அழுதும்விட்டாள். எங்களுக்கு ஒரே மகன், பெண் கிடையாது. அந்த நேரம் பார்த்து ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது. டைரக்டர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இன்னொரு தடவ ஊத்துங்க பெரிம்மா, ரயில் சத்தம் உள்ள வந்துட்ச்சி" என்றான் பாபு.

"இன்னொரு தடவ இன்னாத்துக்கு? பொண்ணத்தான் குடுத்தாச்சே."

"இது நடிப்பு பெரிம்மா."

"முருகன் மலைக்குக் கீழ, ஐயரு மந்திரம் சொல்லி, நான் தண்ணி வார்த்துகீறேன். இதுல நடிப்பு எங்க கீது? திரும்பத் திரும்ப ஊத்த நான் இன்னா தெருக்கொழாயா?"

பாபு டைரக்டரிடம் சொன்னான். டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் ஐயரைப் பார்த்தேன். ஐயர், "அந்தம்மா சொல்றது சரிதானே, ஒரு பொண்ண ஒரு தரந்தான் குடுக்கறது வழக்கம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார். எடுத்தது எடுத்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் தாலி கட்டுகிற காட்சியை அன்றைக்கு எடுக்கவில்லை. விளக்கை அணைத்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். "தாலி எங்கப்பா?" என்று வீட்டுக்காரி பாபுவைப் பிடித்துக்கொண்டாள். "அது வேற நாளு பெரிம்மா" என்றான். அந்த வேறு நாளுக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் சத்தம் பிடிக்கிற பையன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நீளக் கோலில் மைக்கைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஒல்லிப் பையன், பெயர் லுக். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் தனியாக வேண்டுமாம். கூடச் சோலையும் வந்திருந்தாள். வீட்டுக்காரி அதே செம்பில் தண்ணீர் மொண்டு, பின்பக்கம் எலுமிச்சைச் செடிக்கு ஊற்றினாள். செடிக்கு எத்தனை தடவை ஊற்றினாலும் தப்பில்லையே. அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "அந்தப் புள்ள மைக்க தண்ணிக்குக் காட்டல. பொண்ணு பக்கந்தான் காட்டிகினு இருந்தான்."

அப்புறம் ஊரடங்கு. படம் பாதியில் நின்றது என்றார்கள், முடிந்தது என்றார்கள், வரவே வராது என்றும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அது முடியவில்லை. பெண்ணைக் கொடுத்தவர்கள் ஆடிக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சீர் செய்ய வேண்டும். சோலைக்கென்று ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. ஒரு பண்டிகைக்கு ஆர்.கே.பேட்டைத் தறியில் நெய்த புடவை, ஒரு பண்டிகைக்குப் பித்தளைப் பானை, ஒரு பண்டிகைக்கு வளையல், குங்குமச் சிமிழ். "எனக்குக் கூட இம்மாம் எடுத்து வெக்கலியேம்மா" என்று மகன் கிண்டல் செய்வான். "நீ பொண்ணா பொறந்திருக்கணும்" என்பாள்.

கிண்டலோடு போயிருந்தால் பரவாயில்லை. அவள் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது வேறு. தண்ணீர் வார்த்துக் கொடுத்த பெண்ணுக்குத் தாலி ஏறவில்லை. பாதியில் நின்ற கல்யாணம் பெண்ணுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். "நம்ம கையால குடுத்த பொண்ணு அங்க எங்கியாவது ஒண்டியா நின்னுகினு இருந்தா, அது யாரு மேல வந்து விடியும்?" என்று கேட்பாள். சினிமா என்று நான் எத்தனை தடவை சொன்னாலும், "சினிமா அவங்களுக்கு" என்பாள்.

மாசியில் பாபு போன் செய்தான். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் படங்களாகப் போடுகிறார்கள், நம் படமும் போடுகிறார்கள், சோலையும் வருகிறாள். நான் வீட்டுக்காரியிடம் சொல்லி முடிப்பதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டாள். போய் இரண்டு காரியம் பார்க்க வேண்டும் என்றாள். தாலி ஏறியதா என்று தெரிந்துகொள்வது, ஏறியிருந்தால் சீரைக் கையில் கொடுப்பது.

இனிப் பயணம்.

எங்கள் ஊரிலிருந்து காலை முதல் டவுன் பஸ். திருத்தணிக்கு முக்கால் மணி நேரம். பெண்களுக்கு இந்தப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. பெரிய துணிமூட்டை ஒன்று, தாம்பாளம் வைத்த பை ஒன்று, பானை ஒன்று. கண்டக்டர் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன்தான். "ஆயாவுக்கு ஃப்ரீ, பானைக்கு ஃப்ரீ இல்ல" என்றான். "பானை பொம்பள சாமான்டா, ஃப்ரீதான்" என்றாள் வீட்டுக்காரி. பஸ்ஸே சிரித்தது, அவனும் விட்டுவிட்டான்.

திருத்தணியிலிருந்து காஞ்சிபுரத்துக்கு அரக்கோணம் வழியாகப் போகிற பஸ் பிடித்தோம். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. சென்னை போய்ப் போகலாம் என்று மகன் சொன்னான். அது சுற்று, நெரிசல், மூட்டையோடு ஏறி இறங்க முடியாது. காஞ்சிபுரம் வழிதான் வயதானவர்களுக்கு நல்லது. காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் இட்லி சாப்பிட்டோம், ஆளுக்கு நாற்பது ரூபாய். சாம்பார் நன்றாக இருந்தது, இட்லி நேற்றையது.

காஞ்சிபுரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு வந்தவாசி, திண்டிவனம் வழி. மூன்றரை மணி நேரம். டிக்கெட் ஆளுக்கு நூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. சன்னலோரம் உட்காருவதாக இருந்தால் டிரைவருக்கு எதிர்ப்பக்கத்து வரிசையில் உட்காராதீர்கள், வந்தவாசி தாண்டும்வரை வெயில் அந்தப் பக்கம்தான். நான் உட்கார்ந்து வெந்து போனேன்.

பக்கத்து சீட்டில் வந்தவாசியில் ஏறிய அம்மா ஒருத்தி. வீட்டுக்காரி மடியில் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, "பொண்ணு வூட்டுக்கா?" என்று கேட்டாள்.

"ஆங். சீரு எடுத்துகினு போறோம்" என்றாள் வீட்டுக்காரி.

"எந்த ஊர்ல குடுத்துகீறீங்க?"

"பாரிசு."

அந்த அம்மா தாம்பாளத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "அது சென்னையில பாரீஸ் கார்னர் பக்கமா?" என்றாள்.

"இல்லம்மா. பிளேன்ல போற பாரிசு."

"மாப்ள இன்னா பண்றாரு?"

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்? "அதைக் கேக்கத்தான் போறோம்" என்றேன். அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு திண்டிவனத்தில் இறங்கும்வரை எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாண்டிச்சேரி போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரம். பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் ஒரு விடுதியில் ரூம் எடுத்தோம், ஒரு ராத்திரிக்கு அறுநூறு. கீழ்த்தளத்தில் கேட்டு வாங்குங்கள். மாடி என்றால் படி செங்குத்தாக இருக்கிறது. சாயந்திரம் கடற்கரைப் பக்கம் போக ஆட்டோ கேட்டோம்.

"எங்க போணும் ஐயா?" என்றார் ஆட்டோக்காரர்.

"பிரெஞ்சுக்காரங்க படம் போடற எடத்துக்கு."

அவர் தாம்பாளத்தைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், வீட்டுக்காரி தலையில் இருந்த பூவைப் பார்த்தார். "கல்யாண மண்டபம் ஏதாச்சும் சொல்றீங்களா?"

"அங்கியும் கல்யாணந்தான், வண்டிய எடுப்பா" என்றாள் வீட்டுக்காரி.

இருநூறு கேட்டு நூற்றைம்பதுக்கு வந்தார். இறங்கும்போது, "பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்று அவராகவே சொல்லிவிட்டுப் போனார். எல்லா ஆட்டோக்காரரையும் திட்டாதீர்கள்.

படம் போட்ட இடம் மஞ்சள் சுவர் வைத்த பெரிய பழைய கட்டடம். நடுவில் முற்றம், அதில் வேப்பமரம். வாசலில் பாபு நின்றுகொண்டிருந்தான். முன்னைவிடத் தடித்திருந்தான். மூட்டையைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டான். "பெரிப்பா, இன்னாது இதெல்லாம்?" என்றான். "அவளக் கேளு" என்றேன். கேட்கவில்லை, தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். கடைசி வரிசையில் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, படத்தில் பேசியதைக் காதோடு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

படம் நன்றாகத்தான் இருந்தது. பாரிஸில் அந்தப் பெண் மாப்பிள்ளை தலையில் கேக்கைக் கவிழ்க்கிறாள். சூட்கேஸ் சக்கரம் உடைந்து படிக்கட்டில் உருண்டு போகிறது. திருத்தணியில் இறங்கி, திருப்பதி எங்கே என்று குரங்கிடம் கேட்கிறாள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குரங்கு எங்கள் ஊர்க் குரங்குதான், வாழைப்பழத்தைப் பிடுங்கின தோரணையிலேயே தெரிந்தது.

அப்புறம் மண்டபம் வந்தது. முதலில் குடை தெரிந்தது, குடைக்குக் கீழே பாவா. விறைப்பாக, மூச்சுக்கூட விடாமல் நின்றுகொண்டிருந்தார். கேமரா அவரைத் தாண்டிப் போன பிறகு லேசாக இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார், இன்னும் எடுக்கிறார்களா என்று. அதையும் படத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரி, "அண்ணா" என்றாள், சத்தமில்லாமல். கோதண்டம் கன்னம் உப்பி ஊதினார். சரோஜம்மா கையில் தட்டோடு யாரையோ முறைத்தாள்.

தண்ணீர் வார்க்கிற காட்சி. வீட்டுக்காரி அழுகிற முகம் பெரிதாக வந்தது. ரயில் சத்தம் இல்லை, தண்ணீர் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. "அது எலுமிச்சச் செடிக்கு ஊத்தினது" என்றாள் பாபுவிடம். "ஆமாம் பெரிம்மா, பேசாம பாருங்க" என்றான்.

ஐயர் தாலியை எடுத்து நீட்டுகிறார். மாப்பிள்ளை கையில் வாங்குகிறான். மேளம் கெட்டியாக ஏறுகிறது. வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. அப்போது அந்தப் பெண், மாலையைக் கழற்றி ஐயர் கழுத்தில் போட்டுவிட்டு, மணவறையிலிருந்து எழுந்து ஓடுகிறாள். புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு குளத்தைச் சுற்றி ஓடுகிறாள்.

"ஐயையோ, ஓடறாளே! புடிங்க! யாராச்சும் புடிங்க!"

வீட்டுக்காரி எழுந்து நின்று கத்திவிட்டாள். அப்புறம் முழு அரங்கமும் கைதட்டிச் சிரித்தது. அவள் உட்காரவில்லை. திரையில் அந்தப் பெண் ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறிய பிறகுதான் உட்கார்ந்தாள்.

அதற்கு மேல் படம் பாரிஸில். பழைய மாப்பிள்ளையும் வேண்டாம் என்றாள் அந்தப் பெண். கடைசியில் தறிக்காரர் வீட்டுப் பையன் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு, குளிரில் பல் கிட்டிக்கொண்டு பாரிஸில் வந்து நிற்கிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

"அவ்ளோதானா? இங்கியும் கட்டலியா?" என்றாள் வீட்டுக்காரி.

"அவங்க ஊர்ல இப்டித்தான் முடிப்பாங்க பெரிம்மா. சேந்துட்டாங்கன்னு அர்த்தம்."

"சிரிச்சா சேந்துட்டாங்களா? நல்லா கீதுய்யா ஞாயம்."

அவள் முகம் விழுந்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஐந்தாறு வருஷமாகச் சேர்த்த சீரைச் சுமந்து வந்து, வெறும் கையாகப் போன மாதிரி உட்கார்ந்திருந்தாள். முன்னால் மேடையில் சோலை எழுந்து நின்றாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், மற்றபடி அதே முகம். யாரோ கேள்வி கேட்டார்கள், பதில் சொல்லிக்கொண்டே பின்வரிசையைக் கண்ணால் தேடிக்கொண்டிருந்தாள். கத்தின குரல் அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்கிறது. பேச்சு முடிந்ததும் நேராக எங்களிடம் வந்து, "அம்மா" என்றாள். தமிழில் அவளுக்குத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான். அவளுக்குப் பின்னால் தாடி வைத்த ஒருவன் வந்து நின்றான். கையில் மைக் இல்லாததால் எனக்கு உடனே தெரியவில்லை. லுக்.

வீட்டுக்காரி நலம் விசாரிக்கவில்லை. நேராகப் பாபுவிடம், "கல்யாணம் ஆச்சான்னு கேளு" என்றாள்.

பாபு இங்கிலீஷில் கேட்டான். சோலை லுக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏதோ சொன்னாள்.

"இவரும் இவங்களும் ஒண்ணாத்தான் இருக்காங்களாம் பெரிம்மா. திருத்தணி ஷூட்டிங் முடிஞ்சதுலேந்து. அந்த எலுமிச்சச் செடிகிட்டதான் பழக்கம் ஆச்சாம்."

"நான் அப்பவே சொல்லல?" என்று என்னை இடித்தாள். "தாலி?"

"தாலி இல்ல. கல்யாணம் பண்ணிக்கல. அங்க அது சகஜம்."

வீட்டுக்காரி சோலை கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள், தண்ணீர் வார்த்த கை. அப்புறம் மூட்டையை அவிழ்த்தாள். ஒரு புடவையை மட்டும் எடுத்துச் சோலை கையில் வைத்தாள். பானையையும் தாம்பாளத்தையும் மற்றதையும் மறுபடி மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

"இன்னா பெரிம்மா, எடுத்து வெக்கறீங்க?" பாபுவுக்குப் புரியவில்லை.

"சொல்லு அந்தப் பொண்ணுக்கு. தண்ணி வார்த்தோம், தாலி ஏறல. அப்ப பொண்ணு இன்னும் எங்க வூட்டுலதான் கீது, வேற வூட்டுக்குப் போவல. வூட்டுல கீற பொண்ணுக்குப் புடவை எடுத்துத் தருவாங்க. சீரு செய்ய மாட்டாங்க. சீரு, கட்டிக்கினவளுக்கு."

பாபு சொல்லி முடிக்கும்போது சோலை சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் கண் நிறைந்துவிட்டது. லுக் மூட்டைக்குள் இருந்த பானையை எட்டிப் பார்த்து என்னமோ கேட்டான்.

"பானையில இன்னான்னு கேக்கறாரு."

"ஒண்ணும் இல்ல. பொங்கல் வெக்கறதுக்கு. தாலி கட்டச் சொல்லு, தரேன்."

அவர்கள் இரண்டு பேரும் அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டார்கள். சண்டை மாதிரியும் இருந்தது, கொஞ்சல் மாதிரியும் இருந்தது. நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். முற்றத்து விளக்கை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் லுக் பாபுவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். பாபு திரும்பி எங்களைப் பார்த்தான்.

"தை மாசத்துல நல்ல நாள் இருக்கான்னு கேக்கறாரு."

வீட்டுக்காரி சிரித்தது அன்றைக்கு அப்போதுதான். "தையில எல்லா நாளும் நல்ல நாள்தான்" என்றாள். அது சரியில்லை, ராகு காலம் எமகண்டம் பார்க்க வேண்டும், அந்த நேரத்தில் அதைச் சொல்ல நான் என்ன பைத்தியமா?

சோலைக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. முதலில் வார்த்த தண்ணீர் போதுமா, மறுபடி வார்க்க வேண்டுமா என்று கேட்டாள். மாப்பிள்ளை வேறு ஆள் அல்லவா, மறுபடிதான் வார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். பெற்றவர்கள் இடத்தில் நிற்க ஒரு ஜோடி வேண்டும். புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் இருக்க வேண்டும், ஒருவர் இல்லாமல் போனால் இன்னொருவர் செம்பைத் தொடக் கூடாது. அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அப்படியானால் அன்றைக்கு மண்டபத்தில் நின்ற எல்லாரும் மறுபடி வர வேண்டும், குடை பிடித்தவர், ஊதியவர், தட்டோடு முறைத்த அம்மா, வெற்றிலை ஐயர், ஒருவரும் குறையக் கூடாது என்றாள். பாபு என்னைப் பார்த்தான். வருவார்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்துக்கு அதுதான் வாயில் வந்தது.

மறுநாள் அதே வழியில் திரும்பினோம். மூட்டை கொஞ்சமும் குறையவில்லை, ஒரு புடவை போனால் என்ன குறையும். ஊர் டவுன் பஸ்ஸில் அதே கண்டக்டர். "இன்னா ஆயா, பானையத் திருப்பிக் கொண்டாற? பொண்ணு வேணான்ட்டாளா?" என்றான். "பொண்ணு நம்ம வூட்டுலதான்டா கீது. தையில வா, சோறு போடறேன்" என்றாள்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. திருத்தணிப் பக்கத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு ஒரே நாளில் போய்வரலாம் என்று சொல்வார்கள், வயதானவர்களோடு போகாதீர்கள், ஒரு ராத்திரி தங்குங்கள். எங்களைப் போலப் படிக்கத் தெரியாத பெரியவர்களைத் தனியாக அனுப்புவதாக இருந்தால், பஸ் பலகையைப் பற்றிச் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஏறுவதற்கு முன் கண்டக்டரை ஒரு தடவை, உட்கார்ந்த பிறகு பக்கத்து ஆளை ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள், தப்பவே தப்பாது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் படம் பார்க்கப் பாஷை தெரிய வேண்டியதில்லை. விழுவதும் ஓடுவதும் கேக்கைக் கவிழ்ப்பதும் எல்லாருக்கும் புரியும். பல படத்துக்கு டிக்கெட்டே கிடையாது, முன்கூட்டிப் போய் உட்கார்ந்தால் போதும். கத்தினால் யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள், அதற்கு நாங்கள் சாட்சி. திருத்தணிக்குக் கல்யாணம் செய்ய வருகிறவர்கள் முகூர்த்த நாளில் விடிவதற்குள் அடிவாரத்துக்கு வந்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் மலைப்பாதையில் வண்டி நகராது. தையில் வந்தால் குளிர்ச்சியாக இருக்கும்.

தைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். பாபு போன் செய்தான், டிக்கெட் போட்டுவிட்டார்களாம், மாப்பிள்ளையின் அப்பா அம்மாவும் வருகிறார்களாம். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன், வந்த பிறகு அவள் மண்டபத்தில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. குடை பிடித்த பாவா முனுசாமி ஊரடங்கின் இரண்டாம் கோடையில் போய்விட்டார். அவர் கருமாதிக்கு ஊத வேண்டிய கோதண்டம் அதற்கு முந்தின வாரமே போயிருந்தார். சரோஜம்மா ஏரி முதல் தடவை கோடி போன அன்றைக்கு. ஐயர் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் தூக்கத்தில். படத்தில் எல்லாரும் இருக்கிறார்கள், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மண்டபத்தில் நிற்க மீதி இருப்பது நான். என்னைத் தவிர இன்னொருத்தி, இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் உட்கார்ந்து செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தாரை வார்க்க இரண்டு பேர் போதும். அவள் பெயர் தேசம்மா.